டேப்பு அண்ணன் வீட்டுக் கையெழுத்து

டேப்பு அண்ணன் என்றால் தெருவுக்கே தெரியும். வயரிங் வேலை பார்ப்பவர். மணிக்கட்டில் வளையல் மாதிரி எந்நேரமும் வெள்ளை டேப் சுருள் ஒன்று தொங்கும். குழாய்க்குள் இழுப்பதற்கு முன்பே ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, அது எங்கே போகிறது என்று எழுதிவிட வேண்டும் என்பதில் மனுஷன் ஒற்றைக்காலில் நிற்பார். என்ன செய்ய, அவர் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. எழுதியவருக்கே மறுநாள் புரியாது.

ஆகவே எழுதுகிற வேலை மனைவியின் தலையில் விழுந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு, அவர் சொல்லச் சொல்ல முத்து முத்தாக எழுதுவாள். 'மெயின் - ஜாக்கிரதை', 'மாடிப்படி விளக்கு', 'சமையலறை மிக்ஸி'. இருபது வருஷத்தில் ஊரில் பாதி வீட்டுச் சுவருக்குள் அவள் எழுத்துதான். அதில் ஒன்றைக்கூட அவள் போய்ப் பார்த்ததில்லை.

அவள் மனசில் மட்டும் பதினொரு வருஷமாக ஒரு முள். அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குக் கட்டாயம் வருகிறேன் என்று சொன்னவர், ஒரு வீட்டு வயரிங்கில் மூழ்கி அடியோடு மறந்துபோனார். மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் பயந்துகொண்டே பட்டியலை நீட்டியபோது, எல்லா டேப்பையும் எழுதி, கடைசியில் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தாள். 'என் நினைப்பு இருக்கா?' அவர் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனார். பதிலே இல்லை. கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கசக்கி எறிந்திருப்பார் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

போன வாரம் ஏணியிலிருந்து விழுந்து அண்ணனுக்குக் காலில் மாவுக்கட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு போன். அவர் முன்பு வயரிங் செய்த வீட்டில் ஏசி மாட்ட வந்த புது எலெக்ட்ரீஷியன் பேசினான்.

"எல்லா வயரும் அச்சடிச்ச மாதிரி தெளிவா இருக்குண்ணே. ஒண்ணு மட்டும் புரியல. அது எங்க போகுதுன்னு தெரியாம கை வைக்கப் பயமா இருக்கு."

"என் கிறுக்கலா இருந்தா உலகத்துலயே ஒரு ஆள்தான் படிக்க முடியும்" என்று சொல்லி, அண்ணன் மனைவியை அனுப்பிவைத்தார்.

போர்டைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வரிசையாகத் தன் எழுத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடப் பரிசைப் போல ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில், முனையை மூடிக் கட்டிய உபரி வயர் ஒன்று. அதில் இரண்டு டேப்.

"மேல இருக்கிறது நல்லாவே புரியுதுக்கா" என்றான் எலெக்ட்ரீஷியன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கீழ இருக்கிறதுதான் புரியல."

மேலே, 'என் நினைப்பு இருக்கா?' கீழே கோழிக் கிறுக்கல். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இருக்கு. கரண்ட் போனாலும் இருக்கும்.'

கண் கலங்கிவிட்டது. முகம் பூராவும் சிரிப்பு.

"எங்க போகுதுக்கா?"

"எங்கயும் போகல தம்பி. உபரி வயர். அதை மட்டும் கழட்டிடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "பதில் எழுதினீங்களே, அதைச் சுவத்துக்குள்ள வச்சா நான் எப்படிங்க படிக்கிறது?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "நீதான் பேசவே இல்லையே. வேலை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்தேன்..."

"அப்புறம்?"

"மறந்துட்டேன்."

பதினொரு வருஷக் கோபமும் ஒரே சிரிப்பில் போய்விட்டது. அவள் அவர் மணிக்கட்டிலிருந்து டேப்பைக் கிழித்து, நிதானமாக எழுதி, மாவுக்கட்டின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

'மெயின் - ஜாக்கிரதை.'