ஞாயிறு தவறாமல் கண்டிக்கு

எழுபதுகளில் சித்தூரிலிருந்து சிலோனுக்கு ரயிலிலேயே போய்விடலாம். நடுவில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான். கண்டி, கொழும்பு, திரும்பும் வழியில் அனுராதபுரம் என்று நான் போட்ட திட்டத்துக்கு என் மனைவி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஞாயிறன்று எந்த ஊரில் இருந்தாலும் தமிழ் ஆராதனை கிடைக்க வேண்டும். பழைய மிஷன் சபையில் வளர்ந்தவள். ஒரு ஞாயிறைக்கூடத் தவறவிட்டதில்லை, என்னோடு பெங்களூர் புறப்படும்வரை.

அந்தப் பயணத்துக்கும் நான்தான் திட்டம் போட்டேன். பழைய கால அட்டவணையைப் பார்த்துப் போட்டதால் ஞாயிறு முழுவதும் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் கழிந்தது. டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து அவளே கீர்த்தனை பாடினாள், அவளே ஜெபம் செய்தாள். ஜெபத்தில் என் பெயர் அடிக்கடி வந்தது.

இந்தத் தடவையும் சொதப்பினால், இனி எங்கள் விடுமுறையெல்லாம் திருப்பதியிலிருக்கும் அவள் அண்ணன் பொறுப்பு என்று தீர்ப்பாகியிருந்தது. அவர் அழைத்துப் போகும் ஊர்களுக்கு ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்களும் ஒரு அண்டா புளிசாதமும் கூட வரும்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், அவரிடமே போய்த் திட்டத்தை விளக்கினேன். மெட்ராஸையே மிதிக்காமல், காட்பாடி, விழுப்புரம் வழியாக ராமேஸ்வரம்.

“ஒழுங்கா மெட்ராஸ் போய் போட் மெயில் ரயில் ஏறுங்க மாப்ள. இப்டி ஊரெல்லாம் சுத்திக்கினு போனா கப்பல் உங்கள உட்டுட்டுப் பூடும்.”

“கப்பல் சனிக்கிழமை மச்சான். நாங்க வெள்ளிக்கிழமையே அங்க இருப்போம்.”

“ஜோலார்பேட்டைக்கும் இப்டித்தான் சொன்னீங்க.”

என் மனைவி சிரிப்பை அடக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

கப்பலைப் பிடித்துவிட்டோம். அக்கரையில், தலைமன்னாரில் ரயிலும் கிடைத்தது. ஞாயிறு விடியற்காலை பொல்காவலையில் வண்டி மாறும்போதுதான் பிடித்தது சனி. கண்டி ரயில் வெகுநேரம் வரவேயில்லை. வந்தபின் மலையேற மனமில்லாமல் ஏறியது. அவள் வெள்ளைப் புடவையில், மடியில் வேதாகமத்தோடு, ஜன்னலுக்கு வெளியே இருந்த அத்தனை அழகையும் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்டியில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வழி கேட்டுக் கேட்டு ஓடினேன். கோயில் காலியாக இருந்தது. ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க, முடிஞ்சிபோச்சா?” என்றாள் பின்னாலிருந்து. எனக்குப் புளிசாத வாசனை அடித்தது.

பெருக்கியவர் நிமிர்ந்தார். “காலமை சிங்கள ஆராதனை, ஐயா. அது முடிஞ்சுது. தமிழ் பின்னேரம்தானே. நீங்கள் வெள்ளெனவே வந்திட்டீங்கள்.”

சித்தூரில் ஆராதனை காலையில் என்பதால் உலகத்துக்கே காலையில்தான் என்று முடிவுகட்டி, யாரிடமும் விசாரிக்காமல் திட்டம் போட்டவன் நான். அதை வெளியில் காட்டுவேனா? பெட்டிகளை நிதானமாக இறக்கி வைத்தேன்.

“அவசரமில்லாம வந்து சேரணும்னுதான் இப்டி வெச்சேன்.”

“நம்பிட்டேன்,” என்றாள்.

மாலையில் அவள் பாடிய பாட்டுக்கு முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று எங்களை விடாமல் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தது. போகும் வழியில் சொன்னாள்:

“அண்ணனுக்கு ஒரு கார்டு போடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் ப்ளான் போடறீங்கன்னு எழுதுங்க.”

கொட்டை எழுத்தில் எழுதினேன்.