ஒவ்வொரு சாலுக்கும் ஒரு ஸ்தோத்திரம்

உசிலம்பட்டி அரிசி மில் வேலையை உதறிவிட்டு மதுரைக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் தாகமெடுத்து ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் ஒதுங்கினேன். தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். மாடுகள் இழுக்கும் வடக்கயிற்றில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகத் தலைத்துண்டை மட்டும் வெளுத்துக் கட்டியிருந்தார். தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம், "ஒண்ணுக்கு ஸ்தோத்திரம், ரெண்டுக்கு ஸ்தோத்திரம்" என்று எண்ணிப் பாடினார். நான் வாய்க்காலில் குனிந்து குடித்து, நிழலில் படுத்து எழுவதற்குள் முப்பதைத் தாண்டிவிட்டார்.

"கொஞ்சம் மூச்சு வாங்குங்கண்ணே" என்றேன்.

"பாட்டு நின்னா பண்ணையார் சாட்டையோட ஆள் அனுப்பிருவாரு, தம்பி. எங்கப்பன் காலத்துலருந்து நாங்க இங்க அடிமை. ஆராதனைக்குப் போகக்கூட விடமாட்டாக."

"இப்படி வச்சிருக்கிற சாமிக்கு எதுக்கு இம்புட்டு ஸ்தோத்திரம்?"

அவர் சிரித்தார். மாடுகளைப் பின்னால் நடத்திக்கொண்டே சொன்னார்: "கையும் காலும் பண்ணையாரோடது. எத்தனை சாலுன்னு எண்ணுறதும் அவருக்குத்தான். ஸ்தோத்திரங்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்குச் சொந்தம். சொந்தமா இருக்கிறதைத்தானே ஆண்டவருக்குக் குடுக்க முடியும்? நீ நெனச்ச இடத்துக்குப் போற ஆளு. நீ எம்புட்டுச் சொல்லணும்!"

"வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதை திரும்பும்வரை அவர் குரல் கேட்டது.

மறுநாள் காலை மதுரை சிம்மக்கல் மண்டியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பிடிக்காவிட்டால் சாயங்காலமே போய்விடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். முதல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணுக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.