சொந்த வாசலில் அடித்த ஹாரன்

விடிவதற்கு முன்னால் சிலமலையின் மூன்று தெருக்களில் உக்கிரபாண்டியின் ஜீப்பு ஹாரன் அடிக்கும். இரண்டாவது ஹாரனுக்குள் தூக்குச்சட்டியோடு வந்து ஏறாத பெண்ணுக்கு அன்றைக்கு மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை இல்லை. சொந்தச் சித்தி மகள் மொக்கம்மாளையே ஒருநாள் தெருமுனையில் விட்டுவிட்டுப் போடிமெட்டு ஏறிய ஆள். சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயர் மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. அதுதான் அவரைக் கெடுத்தது.

மகள் பவதாரணி பத்தாவது முடித்ததும் காமர்ஸ் குரூப்பு வேண்டுமென்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்று அழுதாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் மன்றாடி முதல் குரூப்பு வாங்கிக் கொடுத்தார். மகள் இன்ஜினியர் ஆகப்போகிறாள் என்று ஜீப்பில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். பதினொன்றாம் வகுப்புக் காலாண்டில் கணக்கிலும் இயற்பியலிலும் ஃபெயில். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"படிக்க வலிக்குதுன்னா காய் பறிக்க வா. நாளைக்கு உனக்கும் ஹாரன் அடிக்கிறேன்" என்று கத்தினார்.

சொன்னபடி அடிக்கவும் செய்தார், தன் வீட்டு வாசலிலேயே. ஒரே ஒரு நாள் முதுகு ஒடிந்தால் புத்தி வந்துவிடும் என்று நினைத்தார். ஏலச்செடியின் தூரில் குத்தவைத்து, தரையோடு படர்ந்த சரத்தில் விளைந்த காயை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். மழைக்காலம் வேறு. கொஞ்ச நேரத்தில் "யப்பா, அட்டை! அட்டை கடிக்குதுப்பா!" என்று செடிகளுக்குள்ளிருந்து அலறினாள். ஜீப்பருகில் நின்றவருக்குக் கால் தானாக நகர்ந்தது. கடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. மறுநாள் முதல் ஹாரனுக்கே சட்டியோடு வந்து ஏறினாள். போதும், பள்ளிக்கூடம் போ என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பின்னால் பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே! அப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது. மனைவி பொன்னுமணி சோறு வைப்பாள், பேசமாட்டாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஜீப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியை முன்னால் போய்க் கைகட்டி நின்றார். ஜூன் மாதம் மறுபடி பதினொன்றாவதில், காமர்ஸிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மகள் மலையிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஆத்தா, நீ கேட்ட குரூப்பே தர்றாங்களாம். இனிமே மலைக்கு வர வேணாம்."

பவதாரணி காய்க்கறை படிந்த விரல்களில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அழுது கேட்டேன், குடுக்கல. அட்டை கடிக்குதுன்னு கூப்பிட்டேன், பக்கத்துல நின்னுக்கிட்டே வரல. இப்ப நான் ஒண்ணும் கேக்கலையேப்பா."

மறுநாள் விடியலில் வீட்டு வாசலில் அவர் ஹாரன் அடிக்கவில்லை. சத்தமில்லாமல் வண்டியை நகர்த்திக்கொண்டு போனார். தெருமுனையில் மொக்கம்மாள் பக்கத்தில் பவதாரணி நின்றிருந்தாள், கையில் தூக்குச்சட்டியோடு. ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்கு ஆத்தா" என்று கெஞ்சினார். அத்தனை பேர் முன்னாலும்தான் கெஞ்சினார்.

"இதுல ஏத்தலன்னா அடுத்த ஜீப்புல போறேன்."

"வெரசா எடுண்ணே, நேரமாகுது" என்றாள் மொக்கம்மாள்.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. அவர் நனைந்தபடி ஜீப்பருகில் நின்று காது கொடுத்தார். ஒரு சத்தம் வரட்டும், ஓடிவிடலாம் என்று நின்றார். சத்தம் வரவேயில்லை. மத்தியானம் சாப்பிட வந்தவளின் கணுக்காலில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. எப்போது கடித்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையை அவளே பிடுங்கி எறிந்திருந்தாள்.