தெளிந்து நின்ற இரண்டு குப்பிகள்

பத்தொன்பது வருஷமாக பாக்டீரியா வளர்த்துப் பிழைக்கிறவள் அவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைவதால் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் 'சக்கரம் அக்கா'. அந்த வாரம் அவளை அலைய வைத்தது சுறுசுறுப்பு இல்லை, பயம்.

கூடத்தில் எல்லோருடைய குடுவையிலும் பாக்டீரியா ஆமை வேகத்தில் வளர்ந்தது. குடுவை கழுவும் அண்ணன் சோப்பைச் சரியாக அலசாமல் விட்டுவிட்டார் என்று கூடத்தின் தலைவியான மேடம் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையோடு அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகப் பேச்சு. அவளும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அவளுக்கோ வேறு சந்தேகம். எல்லோரும் தங்கள் குடுவைக்கு விதையாகக் கொஞ்சம் பாக்டீரியா எடுக்கும் தாய்க்குப்பியில் மூன்று வாரம் முன்பு, பாக்டீரியாவுக்கு உணவான சத்துநீரை ஊற்றியது அவள்தான். அன்று மேசையில் இரண்டு குப்பிகள் தெளிந்து நின்றன. ஒன்றில் வெறும் சத்துநீர், மற்றதில் பாக்டீரியாவைப் பீடிக்கும் நூல் வைரஸ். இயந்திரத்தில் சுழற்றி பாக்டீரியாவை அடியில் தங்க வைத்துவிட்டால், மேலே நிற்கும் நீரில் கோடிக்கணக்கில் வைரஸ் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பேர் எழுதி ஒட்டாமல் வைத்த புண்ணியவதியும் அவளேதான்.

வேறு சில வைரஸ்கள் பாக்டீரியாவை உடைத்துக்கொண்டு வெளியேறும். கலங்கிய குடுவை தெளிந்துபோய்க் காட்டிக்கொடுத்துவிடும். நூல் வைரஸுக்கு அந்த அவசரம் கிடையாது. பாக்டீரியாவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழையின் நுனியைப் பிடிக்கும். இழை உள்ளே இழுபட, இதுவும் வாசலுக்கு வந்துவிடும். தன் மரபிழையை உள்ளே விட்டு நகல் எடுக்க வைக்கும். ஒவ்வொரு நகலும் சவ்வைத் தாண்டும்போதே புரதத்தைப் போர்த்திக்கொண்டு நீள நூலாக வெளியே வரும். உண்ட வீட்டுக்கு இரண்டகம்தான், ஆனால் வீட்டை இடிக்காது. வீட்டுக்காரன் சாகாமல் இளைத்துக்கொண்டே இருப்பான்.

திங்கட்கிழமையே சோதித்திருக்கலாம். "சோப்பாத்தான் இருக்கும்" என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் வாசல் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்னாச்சு உனக்கு? ஒரு எடத்துல உக்காரேன்," என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க."

வியாழக்கிழமைதான் தைரியம் வந்தது. தாய்க்குப்பி நீரை வடிகட்டி, வெளியிலிருந்து வரவழைத்துத் தட்டில் பரப்பிய சுத்தமான பாக்டீரியாவின் மேல் சொட்டு வைத்தாள். வெள்ளி காலையில் தட்டைத் திறந்தால், சொட்டு வைத்த இடமெல்லாம் மங்கலான வட்டம். அங்கெல்லாம் பாக்டீரியா சாகாமல் இளைத்திருந்தது; நூல் வைரஸேதான். தட்டைக் குப்பையில் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு முறை குப்பைத்தொட்டி வரை போய்த் திரும்பினாள். பிறகு மேடத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"சோப்பு இல்ல மேடம், நூல் வைரஸ். குப்பிய மாத்தி ஊத்தினது நான்தான்."

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிங்க. உங்கள விட்டா யாரு செய்வா?"

போன உயிர் திரும்பியது. "அப்போ அண்ணன்?"

"அவரு நேத்தே சாவியக் குடுத்துட்டு வேலைய விட்டுப் போயிட்டாரே. 'நான்தான் சரியா அலசல போலிருக்கு மேடம், மன்னிச்சிருங்க'ன்னு கைகூப்பி நின்னாரு, பாவம்."

அவள் மேசைமேல் இருந்த ஃபோனை மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

"ஃபோன் பண்ணுங்க மேடம். அவரு நல்லாத்தான் அலசியிருக்காருன்னு சொல்லுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் ஒரு குடுவையத் தொடமாட்டேன்."