பதினேழு ஒன்றுகள்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் எண்ணைத்தான் பார்க்கிறார் கவுஸ் பாஷா. "ஏழாயிரத்து முன்னூத்தி எண்பத்தேழா? எண்பத்திமூணையும் எண்பத்தொம்பதையும் பெருக்கினா வரும். ரெண்டு பேரு கூட்டா நடத்துற கடைங்க இது" என்று சொல்லிக்கொண்டே ஸ்டிக்கரை வெட்டத் தொடங்குகிறார். வண்டிக்காரர் கேட்டது வேறு: கூட்டினால் ராசியான எண் வருமா என்று. "கூட்டிப் பாத்தா இன்னாங்க தெரியும்? உடைச்சுப் பாக்கணும்."

வேங்கிக்கால் சாலையில் இருக்கிறது அவருடைய ஸ்டிக்கர் கடை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத எண் வந்தால் அதற்கு அங்கே 'ஒண்டிக்கட்டை' என்று பெயர். 4127 ஒட்ட வந்தவரிடம் இதை மகிழ்ச்சியோடு சொல்லப்போக, நாலு வருடமாகப் பெண் தேடிக்கொண்டிருந்த அந்த மனிதர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒருவர் 1111 ஒட்டச் சொன்னார். பதினொன்றும் நூற்றொன்றுமாக அது உடைந்தது. கவுஸ் பாஷா இன்னொரு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தார்; அதுவும் உடைந்தது. இப்படிச் சேர்த்துக்கொண்டே போனவர் பதினேழு ஒன்றுகளில் வந்து மாட்டிக்கொண்டார். முப்பத்துநான்கின் மடங்கோடு ஒன்று கூடிய ஒண்டிக்கட்டைகளால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று தானாகவே கண்டுபிடித்தபோது வேலை கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நாளைக்கு மூன்று வகுத்தல், கையால். பதினான்கு நோட்டுகள் ஆகிவிட்டன. வகுக்கும் எண்களில் இருபத்தொரு லட்சத்தையும் தாண்டிவிட்டார். இது ஒண்டிக்கட்டைதான் என்பது அவர் நம்பிக்கை. போனில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே என்று மனைவி ரஹமத்துன்னிசா சொன்னால், "நோன்பு நான்தான வெக்கணும், போனா வெக்கும்?" என்பார்.

போன வாரம் ஸ்கூட்டருக்கு ஸ்டிக்கர் ஒட்ட வந்தார் கவிநிலா. கீழ்பென்னாத்தூரில் கணக்கு சொல்லித்தருபவர். விரித்துக் கிடந்த நோட்டைப் பார்த்து வியந்துபோய், அந்த எண்ணைத் தன் போனில் போட்டார். முகம் மாறியது.

"சொல்லிடாதீங்க மேடம்" என்று கையை உயர்த்தினார் கவுஸ் பாஷா. ஆனால் பொறுக்க முடியவில்லை. "உடையுதா?"

ஆமென்று தலையசைத்தார் கவிநிலா.

"உடைக்கிற எண்ண நான் தாண்டிட்டனா?"

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "தாண்டிட்டீங்க பாய். ஒரு கணக்கு தப்பிடுச்சு. அது எந்தப் பக்கம்னு வேணா..."

"வேணாங்க."

எங்கோ ஒரு மீதியைத் தப்பாக எழுதிவிட்டு, அது தெரியாமலே மேலே போயிருக்கிறார். வெட்டிய ஸ்டிக்கர் கையிலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கிட்டத்துலதான் பாய் இருக்கு. ரொம்பப் பின்னாடி போக வேணாம்" என்றார் கவிநிலா, தாங்க முடியாமல்.

"ஒண்ணு தப்பாப் போச்சுன்னா, மத்ததெல்லாம் சரினு எப்படிங்க நம்புறது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பரணில் கிடந்த முதல் நோட்டை எடுத்துத் தூசி தட்டி, முதல் பக்கத்தை விரித்துச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.