கை மட்டும் அக்காவுடையது

அக்காவின் படம் என் கணினித் திரையில் முதன்முதலாகத் திறந்தபோது, கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கு நிறப் பட்டுப்புடவை. இடது முன்கையில் முந்தானையை விரித்துப் பிடித்து, வலது கை விரல்களால் சரிகையைத் தொட்டபடி நின்றிருந்தார். மாநிறம் என்று யாரும் மழுப்பிச் சொல்ல முடியாத நல்ல கறுப்பு. மேல்வரிசைப் பல் ஒன்று சற்றுத் தூக்கலாக இருக்கும். அதை மறைக்காமல் சிரித்திருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற யாரோ ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும். வரவழைத்த சிரிப்பாக அது இல்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். அக்கா திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் உடன்பிறந்தவள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோதே அவரை எனக்குத் தெரியும். எந்தப் புடவையையும் மேசையில் விரித்துக் காட்டி நிறுத்திவிட மாட்டார். தன் தோளில் போட்டுக் காட்டுவார். மூன்று மணி நேரம் கட்டியிருந்தால் எது தோளை இழுக்கும், எது மூன்றாம் சலவைக்கே சாயம் விடும் என்று முதலாளி காதில் விழாதபடி சொல்லுவார். கறுப்பாக இருக்கும் பெண்கள் வெளிர் நிறங்களைப் பார்த்துவிட்டுத் தயங்கினால், "இந்தக் கலரு எனக்கே நல்லாருக்குது, உனக்கு இன்னாமா?" என்பார். அந்த ஒரு பேச்சில் விற்ற புடவைகள் எத்தனையோ இருக்கும்.

அந்தக் கடை மாடியில் கல்யாணப் பட்டுக்கென்று தனித் தளம் திறக்க இருந்தது. விளம்பரத்துக்குச் சென்னையிலிருந்து மாடல் கூட்டிவருவது தாமதமாகும் என்று, கடைப் பெண்களில் ஒருவரையே நிற்க வைத்துப் படமெடுக்க முதலாளி முடிவு செய்தார். புடவையை அக்கா அளவுக்குப் பாங்காகப் பிடிக்கத் தெரிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. ஓமந்தூருக்குப் பக்கத்தில்தான் அவர் ஊர். கணவர் சொந்த நிலத்தில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், போடுகிறவர். படம் எடுத்த அன்று சாயங்காலமே தெருவெல்லாம் செய்தி தெரிந்துவிட்டதாம். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய பேனரில் வரப்போகிறேன் என்று அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

படம் என்னிடம் வந்த மறுநாள் ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார். நிறத்தைக் கொஞ்சம் தூக்க வேண்டும் என்றார். தூக்கினேன். அனுப்பியதைப் பார்த்துவிட்டு இடுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். பிறகு பல். பிறகு கழுத்துக்குக் கீழே புடவையைச் சற்று இறக்கினால் எடுப்பாக இருக்கும் என்றார். இதையெல்லாம் ஒரு பெண்ணிடம் சொல்கிறோம் என்ற கூச்சம் அவர் குரலில் இல்லை. ஒரு பெண்ணாக அதைக் கேட்டுக்கொள்கிறோம் என்ற கூச்சம் எனக்கும் இல்லை என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. மூன்றாம் நாள், எங்கள் ஓனர் என் பின்னால் வந்து நின்று, "அவுருக்குத் திருப்தி ஆவல. மூஞ்சியே மாத்திடு" என்றார். கடையில் டிஸ்க் டிஸ்க்காக முகங்கள் இருந்தன. எந்த ஊர்ப் பெண்களோ, எல்லோரும் ஒரே வெளுப்பு. அதிலிருந்து ஒன்றை எடுத்து அக்காவின் கழுத்தின் மேல் பொருத்தினேன். இணைப்பு தெரியாமல் இருக்க ஒரு சங்கிலியைச் சற்று மேலே ஏற்றினேன். "அவர் கண்ணை எடுக்கவே மாட்டார்" என்ற வாசகத்தை எழுதியதும் நான்தான். நன்றாக வந்திருக்கிறது என்று ஓனர் பாராட்டியபோது சந்தோஷப்பட்டேன்.

பேனர் ஏறிய ஞாயிற்றுக்கிழமை அக்கா கணவரையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். கூட ஓரகத்தியும் அவர் பிள்ளைகளும். மேம்பாலத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். வேறு பேனராக இருக்கும், நம்முடையது இன்னும் வரவில்லை என்று கணவர் சொல்லியிருக்கிறார். அக்காவும் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டி வைத்திருக்கிறார். ஆனால் மகள் விடவில்லை. "கை மட்டும் உன் கையிம்மா" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஓரகத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு ஐஸ் வாங்கித்தரப் போனாராம்.

இதை அவரே என்னிடம் சொன்னார். மறுவாரம், தன் விடுமுறை நாளில், விழுப்புரத்துக்கு வந்து எங்கள் கடையைத் தேடிக் கண்டுபிடித்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து ஓனர் பின்பக்கமாகப் போய்விட்டார். அக்கா என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"எம் மூஞ்சில இன்னா கொறன்னு தெரிஞ்சிக்கினு போலாம்னு வந்தேன் பாப்பா" என்றார்.

கடைக்காரர் கேட்டார், நான் செய்தேன் என்றேன்.

"அவுரு கேட்டாரு. பண்ணது உன் கைதானே. பண்றப்ப உனுக்கு எதுவும் தோணலியா?"

தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நான் திரையில் வேறொரு கோப்பைத் திறந்தேன். அக்காவே, சரி, முதலில் எடுத்த படத்தையாவது ஒன்று போட்டுக் கொடு, வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றார். தன் கல்யாணத்துக்குப் பிறகு பட்டுப்புடவையில் தனியாக நின்று எடுத்த படம் அது ஒன்றுதான் என்றார். நான் தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டேதான் தேடினேன். ஒவ்வொரு முறையும் அதே கோப்பின் மேலேயே சேமித்திருந்தேன். கேமராவில் இருந்ததை போட்டோகிராபர் அழித்துவிட்டிருந்தார். நல்ல கறுப்பும் தூக்கலான பல்லுமாகச் சிரித்த அந்தப் படம் எங்கேயும் இல்லை. சொன்னபோது அக்கா கோபப்படவில்லை. "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு, தம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அவர் வேலையை விடவில்லை. விட முடியாத நிலைமை. மாடித் தளத்தில் அதே படத்தைச் சுவர் உயரத்துக்கு ஒட்டி, அதற்குக் கீழே அவரை நிறுத்தினார்கள். வருகிறவர்கள் படத்தைக் காட்டி, அந்தப் பொண்ணு கட்டியிருக்கிற புடவையை எடுங்கள் என்பார்கள். எடுத்துத் தோளில் போட்டுக் காட்டினால் அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சில மாதங்கள் பொறுத்தவர், ஒருநாள் இனிமேல் தோளில் போட மாட்டேன், பொம்மைக்குக் கட்டிக் காட்டிக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அவரைக் கீழே துண்டு, வேட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். இதையெல்லாம் பிற்பாடு அங்கே வேலை பார்த்த வேறொரு பெண் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

நான் திருந்திவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பல வருடம் கழித்துத் திண்டிவனத்திலேயே சொந்தமாக டிசைன் கடை வைத்தேன். போர்வெல் மோட்டாருக்குப் பெண், கட்டுமானக் கம்பிக்குப் பெண், டிராக்டர் டயருக்கும் பெண் என்று சாய்த்தும் நிமிர்த்தியும் வைத்திருக்கிறேன். சமையல் எண்ணெய், மசாலாத்தூள் என்றால் மட்டும் அவள் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறுவாள். கூட உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணை நான் ஒரு விளம்பரத்திலும் வைத்ததில்லை. வைக்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. முகத்தை மாற்றுவதை மட்டும் விட்டுவிட்டேன். அதையே பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆவணியில் அக்கா என் கடைக்கு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கூட வந்த பெண் அந்த மகள். நர்ஸாக வேலை பார்க்கிறாளாம். கல்யாணம் நிச்சயமாகி, மண்டப வாசலுக்கு பேனர் போட வந்திருந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்துதான் வந்தாரா என்று முதலில் புரியவில்லை. படத்தைத் திரையில் திறந்தேன். அம்மாவின் நிறம், அம்மாவின் சிரிப்பு.

"கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் குடு பாப்பா" என்றார் அக்கா. "மாப்ள ஊட்டுச் சனம் படத்த பாத்துட்டு ஒரு மாரி பேசுறாங்க."

வேண்டாம் அக்கா, பெண் நன்றாக இருக்கிறாள், இருக்கிறபடியே போடுவோம் என்றேன். எத்தனையோ வருடமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை போல அது என் வாயிலிருந்து வந்தது. அக்கா என்னை நேராகப் பார்த்தார்.

"அன்னிக்கி எம் மூஞ்சியே தூக்கத் தெரிஞ்சிது உனுக்கு. இன்னிக்கி எம் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கறப்ப நியாயம் பேசிக்கினு இருக்கறியா?"

மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எதுவானாலும் சீக்கிரம் முடியுங்கள், டூட்டிக்குப் போகணும் என்று என்னிடம் சொன்னாள். நான் மவுசைப் பிடித்தேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு படியாக ஏற்ற ஏற்ற, "இன்னும் கொஞ்சம்" என்றார். அடுத்த படி. இன்னும் கொஞ்சம். நிறம் மாறுவது மெதுவாக நடந்தால், பார்த்துக்கொண்டே இருக்கிற கண்ணுக்கு அது பழகிக்கொண்டே வரும். அது என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

திடீரென்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும். இதுக்கு மேல போனா அது எம் பொண்ணு இல்ல."

அந்த இடத்தை நான் நான்கைந்து படிகளுக்கு முன்பே தாண்டிவிட்டிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு, அப்படியே சேமித்து பிரிண்டுக்கு அனுப்பினேன்.