கழுக்குன்றம் போவதாகச் சொல்லிவிட்டு

என் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. வாய் சொல்லிவிடும், காது மடல் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க இது தெரிந்த விஷயம். அப்படிப்பட்டவர் தன் ஆயுளில் சொன்ன ஒரே பெரிய பொய்க்கு என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அது பொய் என்பதே எனக்குத் தெரியாது, அதனால் நான் மிக நல்ல சாட்சியாக இருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள். அம்மாவுக்காக வேண்டுதல், திருக்கழுக்குன்றம் போய் மலையேறிவிட்டு வருகிறோம் என்று இரண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டு, விடியும் முன்பே தறியை மூடிப் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பங்குக்கு, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கழுக்குன்றம், கழுக்குன்றம் என்று தம்பட்டம் அடித்துக்கொண்டே போனேன். அப்பாவின் காதை அந்த இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

அம்மா தீபாவளியிலிருந்தே படுக்கையில் இருந்தாள். இருமல் வந்தால் வீடே நின்று கேட்கும். வாரத்துக்கு மூன்று ஊசி போட்டார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள அம்மாவின் தங்கை, என் சித்தி, ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தாள். அம்மாவின் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. நான் அறை வாசற்படியோடு சரி, உள்ளே போகக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தை நான் தினமும் மீறுவதும் சித்தி என் காதைத் திருகுவதும் வழக்கமாகியிருந்தது.

ஊசி மட்டும் போதாது, உடம்பில் ஒன்றுமில்லை, முட்டையோ கடல் மீனோ உள்ளே போனால்தான் ஊசி வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீடோ சுத்த சைவம். முட்டை என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொன்னாலே அப்பா விபூதி எடுத்துப் பூசிக்கொள்வார். பஸ்ஸில் மீன் கூடை ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்கிற மனிதர். டாக்டர் சொன்னதை அம்மா இரண்டு முறை முடியாது என்று தள்ளினாள். முட்டையை ஒருமுறை பாலில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், வாந்தி எடுத்து ஓய்ந்துபோனாள். மூன்றாம் முறை மீன் பேச்சு வந்தபோது அவளே, "குடுங்க, துன்றேன். எம் பொண்ணு பெரியவளாவுறத நான் பாக்கணும்" என்றாளாம்.

இதெல்லாம் சித்தி எனக்குச் சொன்னது, எனக்கே குழந்தை பிறந்த பிறகு.

அம்மா சம்மதித்ததும் அப்பாவுக்கு அடுத்த சிக்கல். கடைத்தெருவில் மீன் வாங்கினால் மறுநாள் ஊரே சிரிக்கும். அதுகூட அவருக்குப் பெரிதில்லை என்றாள் சித்தி. விலைக்கு வாங்கிய மீனின் பாவம் தின்கிறவரைச் சேரும், தன் கையால் பிடித்துக் கொன்றால் பிடித்தவனோடு போய்விடும் என்று அப்பா ஒரு கணக்குப் போட்டிருந்தார். எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதோ தெரியாது. அவரே உட்கார்ந்து நெய்த சாஸ்திரம் என்றுதான் நினைக்கிறேன். பாவம் தன் தலையில் இறங்கட்டும், அவள் சுத்தமாகப் பிழைத்து எழுந்து வரட்டும் என்று முடிவு செய்தார்.

மெட்ராஸிலிருந்து புடவை எடுக்க வரும் வியாபாரி ஒருவர் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர். சதுரங்கப்பட்டினத்தில் ஒரு படகுக்காரர் இருக்கிறார், ஒன்றும் தெரியாதவனையும் உப்பங்கழிக்குள் கூட்டிப் போய் மீன் இருக்கும் இடம் காட்டிப் பிடிக்கவைத்துவிடுவார் என்று எப்போதோ அளந்துகொண்டிருந்தார். அப்பா அதை நினைவில் வைத்திருந்தார்.

செங்கல்பட்டில் பஸ் மாறினோம். கழுக்குன்றம் வந்தபோது நான் இறங்க எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்து, முதலில் கடல் பார்த்துவிட்டு வரலாம் என்றார். கடல் என்றதும் எனக்கு மலையும் மறந்தது, சாமியும் மறந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து அப்பா கும்பிட்டபடியே வந்தார். மலை மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

படகுக்காரர் கறுத்து உயர்ந்த மனிதர். அப்பாவின் நெற்றியைப் பார்த்ததுமே சாமி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். என்னை நண்டு வளைகளைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினார்கள். திரும்பி வந்தபோது படகுக்காரர் என் தலையைத் தடவினார். ஏன் என்று தெரியவில்லை, ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

படகில் ஏறியதும் அப்பா மடியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தார். காஞ்சிபுரத்தில் தூண்டில் நூல் கேட்டால் எதற்கு என்று கேட்பார்களே, அதற்குப் பயந்து தறியில் பாவுக்கு வைத்திருந்த பட்டில் எட்டு இழை சேர்த்து முறுக்கி மெழுகு தடவித் தானே செய்து கொண்டுவந்திருந்தார். அதை நீளமாக இழுத்துப் பார்த்த படகுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா சாமி, பட்டு நூலா? மீனுக்குக் கண்ணாலமா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா படுத்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். படகுக்காரர் நைலான் நூலைக் கொடுத்தார். அப்பா வாங்கவில்லை, இது பழகின நூல், இதுதான் தன் விரலுக்குப் பேசும் என்றார். சரி என்று அவர் பட்டு நூலிலேயே தூண்டில் முள்ளைக் கட்டி, இறாலை எப்படிக் கோப்பது என்று காட்டினார். உயிரோடிருந்த இறாலை அப்பா இரண்டு விரல் நுனியால் எடுத்தார். சிவசிவா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கோத்தார்.

முகத்துவாரத்துக்குக் கிட்டே, கடல் தண்ணீர் உள்ளே ஏறிவரும் இடத்தில் மூங்கில் கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார் படகுக்காரர். தண்ணீர் ஏறும்போது மீனும் கூடவே ஏறும், ஒரு நாழிகை பொறுங்கள் என்றார். மற்றவர்களுக்கெல்லாம் மீன் கடிப்பதைக் கண்டுபிடிக்கவே அரைநாள் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும், அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தால் பார்க்காமலே விரலால் கண்டுபிடிக்கிறவர். நூலைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் தண்ணீரில் கையை விட்டு, நாக்கில் வைத்து உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் எதற்கு என்று கேட்டேன். "சும்மா, பாக்கறதுக்குதான் கண்ணு" என்றார். காது சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

இரண்டு முறை இறாலை மட்டும் தின்றுவிட்டுப் போயிற்று. மூன்றாவது முறை அப்பா சட்டென்று இழுத்தார். வெள்ளி ஜரிகை போல ஒரு மீன் படகுக்குள் விழுந்து துள்ளியது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். படகுக்காரர் குனிந்து அதைக் கையில் எடுத்தார். நல்ல கிழங்கான், உடம்பு முடியாதவர்களுக்கு இதைவிட ஏற்ற மீன் கிடையாது, சாமிக்குச் சாமியே கொடுத்திருக்கிறார் என்றார். மீனின் வயிற்றை விரலால் லேசாக அழுத்திப் பார்த்து, சினையோடு இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

சினை என்றால் என்ன என்று கேட்டேன். அதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம். வயிற்றுக்குள் குஞ்சுங்க இருக்கும் பாப்பா, ஆயிரம் இருக்கும் என்றார்.

நான் மீனைப் பார்த்தேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை, படகு ஆடுகிற அழுகை. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்த வுட்டுடுப்பா. அம்மா செத்துட்டா அதும் புள்ளைங்க இன்னாப்பா பண்ணும்?"

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் வெளுத்துப்போனது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேற்கே, கழுக்குன்றம் இருக்கும் திசையைப் பார்த்தார். சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டு வந்தவருக்கு, சாமி என் வாயால் பதில் சொன்னதாகத்தான் பட்டிருக்க வேண்டும். குழந்தை வாக்கு தெய்வ வாக்கு என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்.

முள்ளை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அறுந்த இழையை முடிச்சிடுவதைப் போல அவ்வளவு மெதுவாக, வாய் கிழியாமல் எடுத்தார். மீனை இரண்டு கைகளிலும் ஏந்தித் தண்ணீருக்குள் வைத்தார். அது கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது. பிறகு போய்விட்டது. நான் கைதட்டினேன்.

"சாமி, ஊட்ல..." என்று படகுக்காரர் ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டித் தடுத்தார். படகுக்காரர் காலையில் தான் பிடித்து ஈரச் சாக்கில் வைத்திருந்த மீன்களில் நான்கை ஓலையில் சுற்றி, இதையாவது எடுத்துப் போங்கள் என்று கரையில் இறங்கியதும் நீட்டினார். அப்பா இரண்டு கையையும் கூப்பி வேண்டாம் என்றார். படகுக்காரருக்குக் கோபமா வருத்தமா தெரியவில்லை, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். காலையில் தலையைத் தடவியவர் இப்படிப் போகிறாரே என்று எனக்குக் குறையாக இருந்தது.

திரும்பும்போது கழுக்குன்றத்தில் இறங்கினோம். பொய்யை மெய்யாக்க வேண்டுமே. மலைமேல் அப்பா கோயிலுக்குள் வரவில்லை. மீனைத் தொட்ட கை என்று வெளியே நின்றுகொண்டு, என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். அம்மாவுக்கு உடம்பு சரியாகணும்னு வேண்டிக்கோ என்றார். நான் வேண்டிக்கொண்டேன். மீன் பத்திரமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். இரண்டில் எதை முதலில் கேட்டேன் என்று பல வருஷங்களாக யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

வீட்டில் சித்தி காத்திருந்தாள். கொல்லைக் கோடியில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, புதுச் சட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்திருந்தாள். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாதவள், பால் ஊற்ற வரும் ஏனாத்தூர் அம்மாவிடம் எப்படிக் கழுவுவது, எத்தனை கொதி விடுவது என்று ரகசியமாகக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அப்பாவின் வெறும் பையைப் பார்த்தாள். அப்பா தலையை ஆட்டினார். அவள் போய் அடுப்பைக் கலைத்தாள். பிறகு அந்தச் சட்டியில் கனகாம்பரம் நட்டார்கள். அது நன்றாகப் பூத்தது.

மறுபடியும் மீன் பேச்சு எடுத்தவள் சித்தி ஒருத்திதான். நீங்கள் போக வேண்டாம், பால்காரம்மா வாங்கி வருவாள் என்று அப்பாவிடம் மன்றாடிப் பார்த்தாளாம். அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டாள். கொழந்த சொன்னதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம் என்றாளாம். பங்குனி உத்திரத்துக்குக் கொடி ஏறும் முன்பே அவள் போய்விட்டாள்.

ஒரு மீனால் அவள் பிழைத்திருக்கமாட்டாள். எனக்குத் தெரிந்த டாக்டர்கள் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டேன், நோய் அவ்வளவு முற்றியிருந்தால் மீனும் இல்லை ஒன்றும் இல்லை என்கிறார்கள். புத்திக்குப் புரிகிறது. மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அப்பா அதன் பிறகு இருபது வருஷம் இருந்தார், ஒருநாளும் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசவில்லை, ஒருநாளும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கும். நானோ பள்ளிக்கூடத்தில் மீனைக் காப்பாற்றிய கதையை அந்த வருஷம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடமும் சொன்னேன். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். வாசற்படிச் சட்டத்தை மறந்து உள்ளே ஓடி, பாயோரம் உட்கார்ந்து, படகு, இறால், சினை, நான் அழுதது, அப்பா விட்டது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். அன்று ஏனோ சித்தி காதைத் திருக வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும், "எம்மாம் பெருசு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

ஒரு சாண் மீனுக்கு நான் இரண்டு கையையும் முடிந்த மட்டும் அகல விரித்தேன். அம்மா கொஞ்சம் எழுந்து உட்கார்ந்து, விரித்த என் கைகள் இரண்டையும் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். அவள் கை சுட்டது. நான் மடக்கப் பார்த்தபோதும் விடவில்லை, அப்படியே வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். மீன் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக் காட்டினேன்.